கீழ்வீட்டு ஆன்ட்டியின் டப்பா

இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்ட் படிகளில் ஓர் எவர்சில்வர் டப்பா ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கீழ்வீட்டு ஆன்ட்டி போரில் ஊரை விட்டு டெக்சஸ் வந்து சேர்ந்த போஸ்னியாக்காரி. அவர்கள் ஊரிலும் அதே சட்டமாம். அதனால் டப்பா வடையோடு கீழே போகும், உருளைக்கிழங்கு அடைத்த ஏதோ ஒன்றோடு மேலே வரும். தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். சம்பளம் கிடையாது. நடைக்கு ஒன்று என் வாய்க்குள் போகும், அவ்வளவுதான்.

எனக்குப் பதினொரு வயதானபோது, கோடை விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்பும் வழியில் அப்பாவுக்குப் போஸ்னியாவில் ஒரு வாரம் வேலை வந்தது. போரில் அறுந்துபோன டெலிபோன்களை ஒட்டவைக்கும் வேலை. நாங்களும் கூடவே இறங்குவதாக ஏற்பாடு. கேள்விப்பட்ட அன்றே ஆன்ட்டி டப்பாவோடு மேலே வந்தாள். உள்ளே ஒரு காபிப் பொட்டலமும் அவளுடைய கைக்குழந்தையின் போட்டோவும். அங்கே மலைமேல் இருக்கும் தன் அம்மாவிடம் அதைச் சேர்க்க வேண்டுமாம்.

ஆன்ட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பையனை, வேறு மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள். ஐந்து வருஷமாக அவள் அம்மா பேசவில்லை. கடிதத்துக்குப் பதிலும் இல்லை. டப்பாவில் எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுத்தால் கோபம் தீர்ந்தது. காலியாக வந்தால் இனி எழுதவே வேண்டாம். இரண்டு பெண்களும் எங்கள் கிச்சனில் நின்று இதைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு இது வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்கு அது டப்பா, அவ்வளவே.

அப்பாவுக்குப் பார்சல் என்றாலே ஆகாது. "ஊருக்குப் போறோம்னு மூச்சு விட்டாப் போதும், ஆளுக்கு ஒரு பொட்டலம். இப்ப வெள்ளைக்காரங்களும் கத்துக்கிட்டாங்க. எல்லாம் உன் டிரெயினிங்."

"சின்ன டப்பாதானேங்க. நானே தூக்கிக்கிறேன்" என்றாள் அம்மா.

சென்னையில் மூன்று வாரமும் அப்பாவின் சொந்தக்காரர்கள் வீடுகளில் ஏறி இறங்கினோம். அம்மாவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அம்மா பெரம்பூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வளர்ந்தவள். அப்பா விபூதி பூசுகிற குடும்பம். பெரம்பூர் வீடு ரிப்பேரில் இருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்தே அது ரிப்பேரில்தான் இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா ஒரு கேக் செய்து, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, தெரிந்த ஓர் அக்கா மூலம் அங்கே அனுப்பினாள். சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது, கழுவித் துடைத்து, பளபளவென்று. அம்மா அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். "அம்மா, ஜஸ்ட் த்ரோ இட்" என்று யோசனையும் சொன்னேன்.

போஸ்னியாவில் அப்பாவுக்கு லீவு கிடைத்த சனிக்கிழமை பஸ் பிடித்தோம். நான்கு மணி நேரம் மலை ஏற்றம். இறங்கியபோது அம்மாவின் கால்கள் செருப்புக்குள் அடங்க மறுத்தன. ஒரே பார்வையில் ஒரு மசூதியும் இரண்டு விதமான சர்ச்சுகளும் தெரிந்தன. ஒன்றில் மணி அடித்து ஓய்ந்தால் இன்னொன்றில் பாங்கு. நடுவே கூரை போன வீடுகள், அவற்றுக்குள் யாரோ போட்டிருந்த தக்காளிச் செடிகள். முகவரிச் சீட்டைக் காட்டினால் ஆளுக்கு ஒரு திசை காட்டினார்கள். சண்டைக்குப் பிறகு தெருப் பெயர்களை மாற்றிவிட்டார்களாம். ஆனால் எந்த மதத்துக்காரரும் காபி கொடுக்காமல் விடவில்லை. நான்காவது காபியில் அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது.

அப்போது ஒரு குதிரை வண்டிக்காரர் எங்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு, காணாமல்போன சித்தப்பாவைக் கண்டவர்போல வண்டியை நிறுத்தினார். அவர் ரோமா இனத்தவர். அவர்கள் முன்னோர்கள் இந்தியாவிலிருந்து போனவர்களாம். விரலை மடக்கித் தன் மொழியில் "யேக், துய், த்ரின்" என்று எண்ணிக்காட்டி, இப்போது நீ எண்ணு என்று அப்பாவுக்குச் சைகை செய்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார் அப்பா.

மனிதர் முகம் தொங்கிவிட்டது. அப்பா பெருமூச்சு விட்டார். "ஹிந்தி தெரியாம டெல்லியிலயே ரெண்டு வருஷம் ஓட்டினவன் நான். கடைசியில இந்த மலையில வந்து மாட்டிக்கிட்டேன் பாரு."

ஆனாலும் அவர்தான் எங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சரியான வாசலில் இறக்கிவிட்டார்.

கதவைத் திறந்த ஆன்ட்டியின் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, அந்த நீலக் கோட்டோடுதான் நின்றாள். அம்மா டப்பாவை இரண்டு கையாலும் நீட்டி, ஆன்ட்டியின் பெயரைச் சொன்னாள். அவள் வாங்கினாள். எங்களை ஒரு தடவை பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஊரிலேயே காபி கிடைக்காத ஒரே வீடு.

"போச்சு, டப்பாவும் போச்சு. கிளம்பு" என்றார் அப்பா.

"வரும்ங்க."

"எப்படி வரும்? கதவையே சாத்திட்டா."

"வாங்கிக்கிட்டாள்ல. வரும்."

கடைசி பஸ் போயிருந்தது. ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கினோம். காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் என்ஜினைக் கிளப்பியபோது நீலக் கோட்டு ஓடி வந்தது. துணி சுற்றிய டப்பாவை ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தது. டப்பா சூடாக இருந்தது. அம்மா திறந்து பார்க்கவில்லை. கையில் கனத்தை மட்டும் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டாள், பஸ் திரும்புவதற்குள் தூங்கிப்போனாள்.

டெக்சஸுக்கு மூன்று விமானம். மூன்றாவதில் அம்மா அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள், எனக்குப் பசித்தது. துணியை அவிழ்த்தேன். சர்க்கரைப் பாகில் ஊறிய, விரல் நீளப் பலகாரம். வழக்கமான என் பங்கு ஒன்றை எடுத்தேன். அங்கே ஒரு பள்ளம் தெரிந்தது. பக்கத்தில் இருந்ததை நகர்த்தி மூடினேன், வேறிடத்தில் பள்ளம் விழுந்தது. அதைச் சரிசெய்ய ஒன்றைத் தின்ன வேண்டியிருந்தது. இப்படி நிரவி நிரவிக் கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒற்றைப் பலகாரத்தைக் கொடுப்பது மரியாதையல்ல என்று அதையும் முடித்துவிட்டு, துணியைப் பழையபடி கட்டி வைத்தேன்.

வீட்டில் அதை அவிழ்த்ததும் அம்மா கிச்சன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை.

"ஊர்லேர்ந்து வந்த அதிரசம் இருக்கே, அதைப் போட்டுக் குடு. அவளுக்கு என்ன தெரியப்போவுது" என்றார் அப்பா.

"அவங்கம்மா கைன்னு நெனச்சு அவ அதைச் சாப்பிடணுமா?"

டப்பாவை அப்படியே என் கையில் கொடுத்து, இன்னொரு கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆன்ட்டி அதை வாங்கிய கணமே முகம் மாறியது. கனம் சொல்லிவிட்டது. அம்மா என் முதுகில் குத்த, உள்ளே பலகாரம் இருந்தது, எல்லாவற்றையும் நானே தின்றுவிட்டேன் என்று இங்கிலீஷில் ஒப்பித்தேன். ஆன்ட்டி நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக அம்மா என்னைப் பழி ஏற்கவைப்பதாக நினைத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள். பாகு, எலுமிச்சை வாசம் என்றேன். அவர்கள் ஊரில் அது எந்தக் கடையிலும் கிடைக்குமாம். அவள் பார்வை அம்மாவின் மேலேயே இருந்தது.

மூன்று விமானத் தூக்கம் என் கண்ணில் மிச்சமிருந்தது. எரிச்சலில் ஒரு புகாரும் வைத்தேன். அவ்வளவு நன்றாகவும் இல்லை, எல்லாம் அடி கருகியிருந்தது.

ஆன்ட்டி டப்பாவுக்குள் பார்த்தாள். மூலையில் ஒட்டியிருந்த கருப்புத் துகள் ஒன்றை விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு வாசலிலேயே உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஆரம்பித்தாள். அவள் அம்மா ஜென்மத்தில் எதையும் அடி பிடிக்காமல் செய்ததில்லையாம். என்னை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அடிக்காக ஒதுக்கி வைத்திருந்த கன்னங்கள்.

மேலே ஏறும்போது அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

"நெஜமாவே கருகி இருந்துச்சாடா?"

"யெஸ்மா. டோல்ட் யூ."

செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "எங்கம்மா கைல எதுவுமே கருகாது" என்றாள்.

அவ்வளவு கெட்டிக்காரர்கள் ஒரு வீட்டை ரிப்பேர் பண்ண மட்டும் ஏன் இத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பசித்தது. எழுந்து வரச்சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.