தாழ்ப்பாள் இல்லாத தையல் கடை

தையல் தொழிலில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். மெஷினின் சத்தம் மாறினால் ஊசி உடையப் போகிறது. கதவுச் சத்தம் கேட்டால் துணி வருகிறது. நான் குளுவாங் டவுனில் கடை போட்ட முதல் இரவு கேட்ட சத்தம் இரண்டிலும் சேராதது. டொக், டொக், டொக். இருட்டில் யாரோ நிதானமாக மரச்சுத்தியலால் பலகையைத் தட்டுவது போல. எழுந்து கதவைத் திறந்தேன். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் ஒரு நாய்கூட இல்லை.

எனக்கு இருபத்தொரு வயது. மகள் ரோசிக்கு ஒன்றரை. என் வீட்டுக்காரர் காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ரப்பர் விலை விழுந்தது, தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள், அவரையும் சேர்த்து. சிங்கப்பூருக்கு வேலை தேடிப் புறப்பட்டவர் என்னிடம் சொன்னது இதுதான்: தீபாவளி வரை தைத்துப் பார். கடை நின்றால் இங்கேயே இருக்கலாம். நிற்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அண்ணனோடு ஊருக்குக் கப்பலேறு. எந்த ஊருக்கு? நான் ஜொகூரில் கன்னியாஸ்திரிகள் மடத்தில் வளர்ந்த அனாதை. அவருடைய ஊரான நாகப்பட்டினம் எனக்குப் பூகோளப் படத்தில் ஒரு புள்ளி. என்னுடையது என்று இருந்ததெல்லாம், கல்யாணத்தின்போது மடத்தில் கொடுத்த பழைய கால்மெஷின் ஒன்று.

என்னைப் போல ஒரு மெஷினையும் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு தொழில் தொடங்க நடுங்குகிற சகோதரிகளே, ரோசி தூங்கிய பிறகு உங்களுக்காக எழுதுகிறேன். பயம் போகும் வழி எனக்குத் தெரியாது. எந்தெந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

*பறவையும் செல்லம்மாவும்*

என் கடை ஒரு சீனர் கோப்பிக் கடையை ஒட்டிய சரக்கு அறை. சரக்கு அறைக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கும். மூட்டைகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்குவதில்லை. உள்ளே ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுங்கள் என்று கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டேன். "நந்தி, நந்தி" என்று கையை ஆட்டினார். பிறகு பார்க்கலாமாம், தீபாவளிக்கு மேல் நான் இருப்பேனா என்று தெரியாமல் இரும்பை வீணாக்குவானேன் என்பது அவர் கணக்கு. அதனால் பொழுது சாய்ந்தால் மெஷினை இழுத்துக் கதவோடு அண்டை கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன். மறுநாள் பின்வீட்டு மலாய்க்கார அம்மாள் என்னைத் தேற்றினாள். ராத்திரி தட்டியது ஆள் இல்லையாம், பறவையாம். தச்சுப் பறவை என்பார்களாம். இருட்டில் உட்கார்ந்து சவப்பெட்டி அடிக்குமாம். இதைத்தான் தேறுதல் என்று சொன்னாள்.

பத்து நாள் பழகியபின் சத்தம் கேட்டாலும் நான் எழுந்திருப்பதில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவேன். ஒரு நாள் இருட்டியதும் தட்டல் பலமாகக் கேட்டது, நானும் பலமாக ஜெபித்தேன். விடிந்த பிறகுதான் தெரிந்தது, தட்டியது பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் மனைவி செல்லம்மா என்று. வேலை முடித்துக் குளித்துவிட்டு, துணிக்கட்டோடு இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறாள். என் கடையின் முதல் வாடிக்கை அவள்தான். காலையில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னாள்: "நான் தட்டத் தட்ட நீ ஜெபம் பண்ணினே. என்னையப் பேயின்னு நெனச்சு வாய்விட்டு ஜெபம் பண்ணுன மொத ஆளு நீதான் தங்கச்சி, எங்க வீட்டுக்காரரு மனசுக்குள்ளதான் பண்ணுவாரு."

*இங்கிலீஷ் பலகை*

செல்லம்மா வந்த பிறகு மூன்று வாரம் வேறு யாரும் வரவில்லை. எனக்குப் புரியவே இல்லை. மடத்தில் கற்ற அழகான கோணல் எழுத்தில், பெண்கள் உடுப்பும் பூவேலையும் தைத்துத் தரப்படும் என்று இங்கிலீஷில் பலகை எழுதிக் கதவுக்கு மேல் தொங்கவிட்டிருந்தேன். சுற்றிலும் பூக்கள் வேறு வரைந்திருந்தேன். போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

எதிர்ச் சாரியில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒரு மத்தியானம் குடையோடு வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். இந்தத் தெருவில் இங்கிலீஷ் படிக்கிற பெண்கள் யார் யார் என்று மரியாதையாகக் கேட்டார். யோசித்தேன். நான் ஒருத்திதான். ஒரு ரவிக்கை தைத்துக் கொடு, என் கடையில் துணிச் சுருளுக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன், துணி எடுப்பவர்கள் தையலையும் பார்க்கட்டும் என்றார். தொழில் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. ஆனால் போகும்போது ஒரு வார்த்தை விட்டுப்போனார்: "ரூம்பு வாடகைக்கு இருக்குன்னு எழுதித் தொங்குதே, எவ்வளவுன்னு ரெண்டு பேரு எங்கிட்ட வந்து கேட்டுட்டாங்க மவளே."

*முன்கூட்டிக் கொடுத்த குற்றம்*

ராவுத்தர் கடை ரவிக்கையைப் பார்த்து வந்தவர்களில் ஒருத்தி தபால் ஆபீஸ் பியூனின் மனைவி. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன். மடத்தில் மணி அடித்தால் அடித்ததுதான். ஒரு கிழமையைச் சொல்லிவிட்டால் அது சத்தியம். புதன்கிழமையே முடித்து, மடித்து, ரோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். மெச்சுவாள் என்று நினைத்தேன்.

அவள் ரவிக்கையை உள்பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு தையலையும் நகத்தால் கீறினாள். கைக்குழியை இழுத்துப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படாததில் அவளுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டாள்: "சொன்ன நாளுக்கு முந்தியே தூக்கிட்டு வந்துட்டியே, உங்கிட்ட வேற யாருமே தைக்கக் குடுக்கலையா?"

*அளவு ரவிக்கை*

சகோதரிகளே, இது எல்லாவற்றிலும் முக்கியம். நம் பெண்கள் உடம்பில் அளவெடுக்க விடமாட்டார்கள். கூச்சம். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று கொடுத்தனுப்புவார்கள். நானும் அதை வைத்தே வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாரிமுத்து என்ற ரப்பர் பால்மரத் தொழிலாளி, சிவப்புத் துணியும் அளவு ரவிக்கையும் கொண்டுவந்து மனைவிக்கு என்று வைத்தார். அதிகம் பேசவில்லை. பிரித்துப் பார்த்தேன். பக்கத் தையலை மூன்று தரம் பிரித்து, உள்ளே விட்ட துணி முழுவதையும் இளக்கியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி போலிருக்கிறது என்று நானே இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தைத்தேன்.

வாங்க வந்தவள் பெயர் வள்ளி. ஈர்க்குச்சி போன்ற பெண், பதினேழோ பதினெட்டோ. போட்டுப் பார்த்தாள். இன்னொருத்தியையும் உள்ளே வைக்கலாம் போலத் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. என் தையல் பிசகவில்லை, அளவு கொடுத்தவருக்குத்தான் புத்தி இல்லை, இது யாருடைய ரவிக்கை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எனக்குப் புரியத் தொடங்கியது. மூன்று தரம் இளக்கிய அந்தத் தையலை நான் என் விரலால் தடவியிருக்கிறேன். ரோசியைச் சுமந்தபோது நானும் அதே இடத்தில்தான் இளக்கினேன்.

அன்று நாடாவை எடுத்து வள்ளியின் உடம்பிலேயே அளந்தேன். அவளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "அது அவருக்கு மூத்த தாரமா இருந்து பிள்ளை பெக்கையில செத்துப்போன அக்காவோடதுக்கா. அவருக்குத் தெரிஞ்ச அளவு அது ஒண்ணுதான்."

*ஆறாவது பொத்தான்*

பிள்ளையும் கடையும் ஒரே அறையில் இருந்தால், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒன்றும் வைக்காதீர்கள். செல்லம்மாவின் ரவிக்கைக்கு ஆறு சிப்பிப் பொத்தான் எண்ணித் தரையில் வைத்துவிட்டு நூல் கோத்தேன். திரும்பினால் ஐந்து. ரோசி வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறாள், சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாய்கிறது. மடத்தில் எனக்குப் பூவேலை சொல்லிக் கொடுத்தார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஊசியைப் பிடித்தபடியே நின்றேன்.

ரவிக்கைக்காகப் பக்கத்தில் காத்திருந்த செல்லம்மா பிள்ளையைப் பறித்துத் தன் முழங்கையின்மேல் குப்புறப் போட்டு, முதுகில் அறைந்தாள். நாலாவது அறையில் பொத்தான் தெறித்து மெஷினடியில் ஓடியது. ரோசி கத்தினாள். அந்தக் கத்தலை நான் காதார வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்லம்மா குனிந்து பொத்தானைத் தேடி எடுத்து, சேலையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தாள்: "இந்தா, ஆறு ஆச்சு. அழுவாம இதையே வச்சுத் தை, வேற போட்டா நெறம் சேராது."

*மூத்தார் வந்த லோரி*

தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு என் வீட்டுக்காரரின் அண்ணன் லோரியோடு வந்து இறங்கினார். கெட்டவர் அல்ல. தம்பி குடும்பம் அந்நிய ஊரில் பட்டினி கிடக்கக் கூடாது என்று கப்பலுக்கு எங்கள் பெயரையும் கொடுத்துவிட்டார். அது தீபாவளி முடிந்த மறுவாரம் புறப்படுகிற கப்பல். இப்போதே தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டால், சாமான்களை விற்க நாள் இருக்கும் என்பது அவர் எண்ணம். மெஷினுக்கு ஆள்கூடப் பேசி வைத்திருந்தார். மூத்தாரும் தம்பி மனைவியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. வெளியே நின்றபடி, ரோசி, அம்மாவைப் புறப்படச் சொல்லு என்றார். லோரியிலிருந்து இரண்டு பேர் உள்ளே வந்து மெஷினின் இரு பக்கமும் கை வைத்தார்கள்.

அறையில் அப்போது செல்லம்மா, வள்ளி, பியூனின் மனைவி மூவரும் இருந்தார்கள். செல்லம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. "தம்பி, தூக்குறதுன்னா தூக்குங்க. ஊசிக்கு அடியில என் ரவுக்கை மாட்டியிருக்கு, ஒரு கைதான் ஏறியிருக்கு. ஒத்தக் கையோட நான் தீவாளி கொண்டாடவா?" என்றாள். பியூனின் மனைவியும் சேர்ந்துகொண்டாள்: தன் துணி வெட்டிக் கிடக்கிறது, அதைக் கப்பலில் வைத்துத் தைத்து அனுப்புவார்களா என்று கேட்டாள். கங்காணி வீட்டு அம்மாளைப் பகைக்க லோரி ஆட்களுக்குத் துணிவில்லை. கையை எடுத்துக்கொண்டார்கள்.

மூத்தார் நியாயஸ்தர். சரி ரோசி, முடிக்கிற வேலையை முடிக்கச் சொல்லு, என்றைக்கு முடியும் என்று மட்டும் கேளு என்றார். மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பதினோரு உருப்படி, ஏழு நாள். கிழமை என் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. இப்போது சொன்னால் சொன்ன நாளில் முடிப்பேன், முடித்தால் எட்டாம் நாள் லோரியில் இருப்பேன். பியூனின் மனைவி வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினாள். நான் ரோசியின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னேன்: எப்போ முடியும்னு சொல்ல முடியலைன்னு பெரியப்பாகிட்ட சொல்லும்மா. மடத்தை விட்டு வந்த பிறகு நான் நாள் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அது பாவமா என்று இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

அப்படியானால் தீபாவளி கழிந்து வருகிறேன், அப்போது கையில் துணி இருக்காதே என்றார் அவர். அதுவரை வாயே திறக்காத வள்ளி, மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து மெஷின்மேல் விரித்தாள். அவரைப் பார்க்காமல், துணியை நீவிக்கொண்டே சொன்னாள்: "தீவாளி கழிஞ்சா பொங்கல் வருதுங்களே."

*

போன செவ்வாய்க்கிழமை மூத்தார் தன் குடும்பத்தோடு மட்டும் கப்பலேறினார். சரி, இரு என்று சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரரின் ஒற்றை வரிக் கடிதம் வந்தது. இன்று சாயங்காலம் கோப்பிக் கடைத் தவுக்கே, நான் கேட்காமலே, திருப்புளியும் ஒரு இரும்புத் தாழ்ப்பாளும் கொண்டுவந்து கதவின் உள்பக்கம் முடுக்கிக் கொடுத்தார்.

ஆறு மாதத்தில் நான் கற்ற தொழில், முன்கூட்டி முடித்த வேலை ஆளைச் சந்தேகத்தில் நிறுத்தும், முடியாத வேலைதான் ஊரில் நிறுத்தும் என்ற அளவுதான் என்று எழுதி வைத்துவிட்டு, வெளியே அந்தப் பறவை தட்டிக்கொண்டே இருக்க, மெஷினை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.