சுவரைத் தொட்டுப் பேசிய அம்மா

பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் வீடு வீடாகப் போன அந்த அம்மாவை, ஓட்டுக் கேட்க வந்தவர் என்று நினைத்து ஆரத்தித் தட்டோடு நின்றோம். தட்டு என் கையில்தான் இருந்தது.

"அய்யோ, நான் எலெக்‌ஷன்ல நிக்கலைங்க!" என்று பதறிப்போனார்.

ஒல்லி உடம்பு, பாதி நரைத்த தலை. எந்த வீட்டிலும் பேசும் முன் சுவரில் உள்ளங்கையை வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

பழைய கட்டடங்களைக் காக்க ஊர் ஊராக அலைபவராம். எங்கள் ஊர்க் கோட்டைக்கு மட்டும்தான் பழஞ்சின்னம் என்று சர்க்கார் பாதுகாப்பு. அதை ஒட்டிய எங்கள் பழைய தெருவையும் சேர்க்க, கிராம சபையில் ஊரார் கை தூக்க வேண்டும் என்றார். என் மாமனார் கட்டிய வீட்டைத் தேடி ஒருவர் வந்தது எனக்குப் பெருமைதான். ஆனால் என் மகன் அதை இடித்து மாடி கட்ட இருந்தான்.

"சேத்துட்டா, என் வூட்டை நான் இடிக்க எவனையோ கேக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கம்மா. கேட்டாலும் இடிக்க விடமாட்டாங்க."

"இப்படிச் சொன்னா யாரு கை தூக்குவா? பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே."

"மறைச்சுட்டு, அப்புறம் உங்ககிட்ட யாரு திட்டு வாங்குறது?" என்று சிரித்தார்.

கிராம சபையில் தலைவர் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. நான் கை தூக்கினேன்.

"அம்மா, மாடி!" என்று மகன் முழங்கையால் இடித்தான்.

"நம்ம சோளக்காட்டுல எத்தன மாடி வேணும்னாலும் கட்டிக்கடா" என்றேன்.

பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது.

நான் தெருவுக்காகத் தூக்கினேனா, அந்த அம்மா ஒளிக்காமல் சொன்ன ‘ஆமாங்கம்மா’வுக்காகத் தூக்கினேனா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.