களத்து வீட்டுக்குப் பூசிய சிமெண்ட்

சாத்தாங்காட்டுக்கும் மாதவரத்துக்கும் நடுவில், இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் எங்கள் களத்து வீடு இருந்தது. சுற்றிலும் எங்கள் நெல் வயல். நைனாவின் தாத்தாவுக்கும் முந்தியவர்கள் கட்டியது. வெள்ளம் வந்தாலும் நெல் நனையாதபடி தரையை இடுப்பளவு உயர்த்தியிருந்தார்கள். நெல் அறைச் சுவர்களில் வரிசையாகத் துளைகள். கடல் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகும். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிய சுவர்கள். கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் சில்லென்று இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது நிலத்தை அரசாங்கம் எடுக்கப் போவதாகக் காகிதம் வந்தது. நைனா மனு மேல் மனு கொடுத்தார். கடைசியில் வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் நல்லபடியாக எழுதினால் வீட்டையும் களத்தையும் விட்டுவிடுவார்களாம்.

அம்மாவின் அண்ணன் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அந்த மாமா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா மச்சான், வூடு கெய்டு தட்டிப்போய் கீது? இத்தப் பாத்தா ஆபீசரு இடிக்கச் சொல்லித்தான் எய்துவாரு. புச்சா ஆக்கிடலாம் வா.”

“உன் கப்பலு பெயிண்ட அடிச்சா வூடு மெதந்துகினு பூடும்ண்ணே,” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

வழவழப்பான சுவரில் சிமெண்ட் பிடிக்காது. கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும். மாமா என் கையில் உளியும் சுத்தியலும் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகாமல் மூன்று நாள் கொத்தினேன். ஒவ்வொரு அடிக்கும் சுவர் கணீர் என்றது. மாமா அதன்மேல் சிமெண்ட் பூசி, எலி வரும் வழி என்று துளைகளையும் அடைத்தார். கடைசியாக, அதிகாரி வருவதற்கு முந்தின நாள், தேக்குத் தூண்களுக்குக் கப்பலின் சிவப்பு பெயிண்ட்.

வந்த அதிகாரி வயதானவர். செருப்பை வாசலிலேயே கழற்றினார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். நெல் அறைக்குள் போய், அடைத்த துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

“எப்ப பூசினீங்க?”

“போன வாரம் சார். ஒங்களுக்காவத்தான்,” என்றார் நைனா.

அவர் நோட்டை மூடினார். “பூசாம இருந்திருந்தா எழுதியிருப்பேங்க. பழசா இருந்ததுதான் இதோட மதிப்பே. இப்ப எதைக் காட்டி எழுதுறது?”

மாமா சிரித்துக்கொண்டே நின்றார். அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. நைனா தூணில் சாய்ந்தார். பெயிண்ட் காயாததால் வெள்ளைச் சட்டையில் சிவப்பு ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை.

ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிற நான், யாரும் பேசவில்லையே என்று அன்று முன்னால் வந்தேன்.

“இந்தச் செவுரு முச்சூடும் நான்தான் சார் கொத்துனேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் அம்மா பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தாள். நான் உதவவில்லை. அந்தப் பெரியவருக்குத்தான் என் வேலை பிடித்திருந்ததே, விஷயம் தெரிந்தால் ஓடி வந்து தடுத்துவிடுவார் என்று சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.