ஆம்புலன்ஸில் டாக்டரின் இடம்

டாக்டர் மரகதம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முருகன். நான் அந்தமானிலிருந்து விடுப்பில் தூத்துக்குடிக்கு வந்து மீன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். "மேடம் போய்ட்டாங்க சார். பாராடாங் படகுத்துறையில, ஃபெர்ரிக்கு நிக்கையில." மாரடைப்பு என்று எங்கள் மருத்துவமனையிலிருந்து போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூட எந்த டாக்டர் வந்தார் என்று கேட்டேன்.

"கோயி நஹி சார், யாரும் இல்ல. அவங்க தம்பியும் நானுந்தான்."

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பதில் ஏன் இப்படி ஆத்திரத்தைக் கிளப்புகிறது என்று மரகதத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நடு அந்தமானில் ஒரு சின்ன மருத்துவமனை, பெயர் வேண்டாம். நான் அங்கே மயக்க மருந்து டாக்டர். மரகதம் தலைமை மருத்துவராக வருவதற்கு முன் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலே 'ரெஃபர்' என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவோம். போர்ட் பிளேர் நெடுந்தூரம். நடுவில் ஃபெர்ரி, அதன் பிறகு காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாய்க்குக் காத்திருப்பு. வழியில் உயிர் போனால் அது எந்த டாக்டரின் தலையிலும் விழாது. எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு.

மரகதம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பொறுப்பேற்ற கையோடு எங்களைக் கூப்பிட்டு, இனி ரெஃபர் செய்கிற டாக்டர் நோயாளியோடு வண்டியில் போக வேண்டும் என்றார். சீனியர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆம்புலன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும் என்றார் ஒருவர். "சீக்காளிய தனியா அனுப்பிட்டு எப்படித்தான் ஒங்களுக்குச் சோறு எறங்குது?" என்று கேட்டார் மரகதம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்து வந்த பாம்புக்கடி நோயாளியோடு அவரே போனார். திரும்பி வந்ததும் பழைய சேலையில் ஒரு சின்ன மெத்தை தைத்து அந்தப் பெஞ்சில் போட்டார். அதோடு இடுப்புவலிப் பேச்சு நின்றது.

ரெஃபரும் குறைந்தது. அனுப்பும் முன் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தோம். 'எனக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்' என்று சொல்ல யாரும் கூசவில்லை. தப்பு செய்தவரை அவர் நர்சுகள் முன்னால் திட்டியதே கிடையாது. "மொதல்ல சாப்பிட்டு வாங்க, அப்புறம் ஏசுறேன்" என்பார். சொன்னபடி ஏசவும் செய்வார், நன்றாகவே.

பிறகு அந்தப் பிரசவம். குழந்தை பிறந்தும் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. வண்டியில் ஏற்றினால் வழியில் வரும் ராங்கத் ஊரைக்கூட உயிரோடு தாண்டமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும். டூட்டியிலிருந்த இளம் மலையாளிப் பெண் டாக்டர், மரகதத்திடம் கேட்டு, ஆபரேஷன் செய்தார். மயக்கம் கொடுத்தது நான். காப்பாற்ற முடியவில்லை.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். ஏன் ரெஃபர் செய்யவில்லை என்று அந்தச் சின்னப் பெண்ணைத்தான் முதலில் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மரகதம் எழுந்தார். "அந்தப் புள்ள செஞ்சது நான் சொல்லித்தான். என் பேர எழுதிக்கங்க."

மேலிடமும் சீனியர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். இந்த விதியை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்ததாகச் சீனியர்கள் வரிசையாகச் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசினேன். மயக்க மருந்து டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று உட்காரச் சொன்னார்கள். நல்ல கைராசிக்கார டாக்டரை, மெயின்லேண்ட் கப்பலில் வந்து இறங்கும் மருந்துப் பெட்டிகளுக்குக் காவலாக ஹேடோ துறைமுகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அவர் போன கையோடு விதியும் போனது. கிளம்பும்போது மெத்தையை என்னிடம் கொடுத்தார். "வண்டில கெடந்தா தூக்கி எறிஞ்சிருவாங்க. நீங்க வச்சுக்கங்க."

ஓய்வுக்குப் பிறகு எங்கள் மருத்துவமனை இருக்கிற ஊருக்கே திரும்பி வந்து தம்பி வீட்டில் இருந்தார். நெஞ்சு வலி என்று அவரைக் கொண்டுவந்த அன்று டூட்டியில் டாக்டர்கள் இருந்தார்கள். எல்லோரும் அவரிடம் வேலை கற்றவர்கள். ரெஃபர் செய்து ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தி அனுப்பிவிட்டார்கள்.

நான் திரும்பிய பிறகு இரங்கல் கூட்டம் நடந்தது. அன்று விசாரணையில் விதியை எதிர்த்ததாகச் சொன்ன அதே வாய்கள் அவருடைய மனிதநேயத்தைப் பற்றிப் பேசின. ஒருவர் அழுதே விட்டார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

கூட்டம் முடிந்ததும் இப்போதைய தலைமை மருத்துவர் என்னிடம் வந்தார். மேடம் தைத்த மெத்தை என்னிடம் இருக்கிறதாமே, அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அவர் படத்துக்குக் கீழே வைக்கலாமே என்றார்.

தர முடியாது என்றேன். நான் அனுப்புகிற நோயாளியோடு இன்றும் நான்தான் போகிறேன். எனக்கு அது உட்காருவதற்கு வேண்டும்.