இரண்டு ஓரமும் ஒரே நிறம்

செருப்புத் தைக்கிறவர் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஷூக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். தைப்பது வேறு, செய்வது வேறு என்பார். தோலை வெட்டி, கால் வடிவக் கட்டையில் இழுத்துப் பூட்டி, அடித்தோல் வைத்துத் தைத்து முழு ஷூவாக எடுத்து வைப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்தவருக்குச் சந்தேகம் இருக்கவும் அவர் விட்டதில்லை. ஆனால் அந்தப் பெருமையில் சரிபாதி அவர் மனைவிக்குச் சேர வேண்டியது. அடித்தோலின் ஓரத்துக்குச் சாயம் ஏற்றுவது அவள் வேலை.

அவள் மரச்சாமான்களுக்கு மெருகு போடுகிறவரின் மகள். கல்யாணமாகி வந்த புதிதில், பலகையில் நின்ற ஒரு ஜோடியைப் பார்த்து, "ஏங்க, இதுங்க ரெண்டும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். ஒரே புட்டியில் எடுத்த சாயம் என்று அவர் எரிந்து விழுந்தார். புட்டி ஒன்றுதான், ஆனால் அக்கா கொஞ்சம் சிவப்பு என்றாள் அவள். அன்று முழுவதும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை, அவள் அந்தப் பக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஜோடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். அக்கா சிவப்பாகத்தான் இருந்தாள். அவர் பின்னால் நின்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கே சாயக் கிண்ணம் கை மாறியது.

ஓரத்துச் சாயம் ஆளை ஏமாற்றும். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வெளுக்கும், மெழுகு தேய்த்துச் சூட்டிரும்பை ஓட்டினால் மறுபடி கறுக்கும். அதனால் அவள் அதே தோலில் வெட்டி மிஞ்சிய துண்டில்தான் முதலில் பூசுவாள். காயவிட்டு, மெழுகும் சூடும் கொடுத்து, வாசலில் நின்று பார்ப்பாள். விளக்கை நம்பமாட்டாள். அந்த ஒரே கிண்ணத்துக் கலவைதான் இரண்டு ஷூவுக்கும். எல்லாம் முடிந்து, "ரெட்டப் பிள்ளைங்க" என்று அவள் சொன்னால்தான் ஜோடி கடையை விட்டு இறங்கும். சொல்லாமல் ஒரு ஜோடிகூடப் போனதில்லை.

கணக்கு வாத்தியாருடைய ஜோடிக்கு அவள் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. வாத்தியாருக்கு இடது கால் குட்டை. அந்தப் பக்கம் தோலை அடுக்கடுக்காக ஒட்டி, கட்டைவிரல் உயரத்துக்கு அடி கட்ட வேண்டும். இரண்டு ஓரமும் ஒரே நிறமாக இருந்தால் உயர வித்தியாசம் பார்க்கிறவர் கண்ணில் சட்டென்று படாது. இல்லாவிட்டால் வகுப்பில் அத்தனை பிள்ளைகளின் கண்ணும் கரும்பலகையை விட்டு அவர் காலுக்குப் போகும். அடுக்குத் தோல் முரண்டு பிடிக்கும் என்று அவள் தடித்த ஓரத்தை முதலில் மெழுகு வரைக்கும் முடித்தாள். மெல்லியதைக் கையில் எடுத்தபோது தூரிகை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். வலது கை மட்டும் வரவில்லை. பேச்சு குழறலாகத்தான் வந்தது. கடைக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அறையில் அவளைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு ஷூக்காரர் பட்டறைக்கு வந்தார். கிண்ணத்தில் மிச்சச் சாயம் காய்ந்து அடையாகிக் கிடந்தது. ஸ்பிரிட் விட்டுக் கரைத்தார். சிவந்தது. கறுப்புச் சேர்த்தார். சேறாகிவிட்டது. புதிதாகக் கலந்தார், பூசினார், தேய்த்தார், மறுபடி பூசினார். தடித்த ஓரம் அப்படியே நின்றது. மெல்லிய ஓரம் அதன் நிறத்தோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

வழி அவருக்குத் தெரியாதது அல்ல. தடித்ததையும் உப்புத்தாளால் தேய்த்து வெறுந்தோலாக்கி, இரண்டுக்கும் புதுச் சாயம் ஏற்றினால் ஒரு பொழுது வேலை. அதைத்தான் அவர் செய்யமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அது அவள் கை கடைசியாகச் செய்தது. வாத்தியார் ஷூ என்ன ஆச்சு என்று அவள் கேட்டபோது, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று புளுகிவிட்டார்.

புளுகு நிற்கவில்லை. ஒரு மத்தியானம் வாத்தியாரே கடைப் படியேறினார். ஒரு காலடி லேசாகவும் ஒரு காலடி அழுத்தமாகவும் விழும் அந்த நடையைத் திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

"அவசரமில்லண்ணே. அண்ணி உடம்புதான் முக்கியம்," என்றார் வாத்தியார். "பழசுல ஆணி குத்துது. அதான் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

நாளைக்கு வாருங்கள் என்று ஷூக்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். வாத்தியார் இறங்கிப் போனதும் உள்ளிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜோடியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அவள் சன்னல் பக்கம் காட்டச் சொன்னாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"அக்கா... தங்கச்சி," என்றாள். அப்புறம், "என்னோடதத் தேச்சிடுங்க."

"மாட்டேன்."

"அவரு கால்ல ஆணி குத்துது."

"உன் கையால செஞ்சது இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் அழிக்கச் சொல்றியா?" அவர் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எதிரில் அவர் அப்படி நின்றதில்லை.

அவள் கோபப்படவில்லை. "கைதாங்க போச்சு. கண்ணு இருக்குல்ல," என்றாள். உப்புத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஷூவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தேய்க்க ஆரம்பித்தாள். பழகாத கை, தாள் வழுக்கியது. மடியெல்லாம் பழுப்புத் தூள் உதிர்ந்தது. அந்த நிறம் போய்க்கொண்டிருப்பதை ஷூக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து, மற்றொன்றை எடுத்துத் தானும் தேய்த்தார். இரண்டும் வெறுந்தோலாகின.

மறுநாள் விடிந்ததும் அவளை நாற்காலியோடு தூக்கி வாசலோரம் வைத்தார். கிண்ணம் அவர் கையில், கண் அவளுடையது. இன்னும் கறுப்பு, போதும், அய்யோ கொட்டாதீங்க என்று அவள் குழறக் குழறச் சொல்ல அவர் கலந்தார். துண்டுத் தோலில் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு ஓரத்துக்கும் பூசி, காயவிட்டு, மெழுகு தேய்த்து, சூட்டிரும்பை ஓட்டினார். வாத்தியார் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். ஜோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு சொல்லுக்காகக் குழந்தை மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "அக்கா தங்கச்சி," என்றாள்.

அவர் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. மெல்லிய ஓரத்தில் இரும்பு கூடுதலாகச் சுட்டு ஒரு இழை கறுத்திருந்தது. வேறு யார் கண்ணுக்கும் தட்டுப்பட்டிருக்காது. ஒன்றும் போகவில்லை, எல்லாம் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார். இத்தனை வருஷத்தில், செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்ய அவர் சந்தோஷமாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.