நேர்காணலில் நழுவிய ‘அக்கா’

நான் செய்த ஒரே கல்யாணம் பெயருக்குச் செய்ததுதான். மட்டக்களப்பில் எழுதிய கட்டுரைகளால் உயிருக்கு அஞ்சி ரொறன்ரோ வந்தவன் அவன். அவன் எழுத்தைத் திருத்தி என் சிற்றிதழில் வெளியிட்டவள் நான். அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பதிவுத் திருமணம் செய்துகொண்டோம்.

குடிவரவு நேர்காணலில் பயத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் பதறிப்போய்ப் போத்தலை நீட்டினான்.

“அக்கா, தண்ணி குடிங்க.”

நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்தத் தமிழ்ப் பெண் நிதானமாக, “தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“தம்பியை உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கோ,” என்றார் பிறகு வாசலில், சிரிக்காமல்.

அவனுக்கு வதிவுரிமை கிடைத்துவிட்டது. வேண்டாத சொல்லை வெட்டுவதுதான் என் வேலை. ஒரே ஒரு சொல்லை வெட்டி ஓர் உயிரைக் காப்பாற்றியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.