பூட்டிய வீட்டில் சோற்று வாசனை

அண்ணி இறந்த பிறகு அண்ணனை ஊரில் தனியாக விட மனமில்லாமல் இரும்புலியூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஊரில் எங்கள் தெருவில் கடைசியாகப் பூட்டப்பட்டது அவர் இருந்த எங்கள் பழைய வீடுதான். ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் வெகுதூரம் உள்ளே போக வேண்டும். அங்கிருந்தவர்கள் வயலை மனைக்கு விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரிக்கும் தாம்பரத்துக்கும் போய்விட்டார்கள். வாங்கியவர்கள் கல் நட்டதோடு சரி. வீடு கட்ட ஒருவரும் வரவில்லை.

அண்ணன் ஞாயிறுதோறும் வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். சாப்பிட உட்கார்ந்ததும் ஊர்க்கதை சொல்வார்.

"குருவி ஒண்ணுகூட காணோம் பாப்பா. காக்காகூட இல்ல."

மனிதர்கள் போனால் பறவைகளுக்குக் கொண்டாட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யோசித்தால், அண்ணி முறத்தில் அரிசி புடைக்கும்போது சிதறும் நொய்க்காகத்தான் அந்தக் குருவிகள் வந்தன. காக்கைக்கும் எங்கள் எச்சில்தான் சாப்பாடு. நம்மை நம்பியிருந்தவை நம்மோடு போய்விட்டன. பதிலுக்கு வேறு சில வந்தன. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் மயில் நிற்கிறது என்றார். பிள்ளையார் கோயில் வாசலைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருக்கிறது என்றார். நான் தோசை சுட்டபடி 'உம்' கொட்டுவேன்.

ஒருநாள் தட்டில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"நம்ம வூட்ல சோறு வேவுற வாசன வருது."

"பூட்டித்தானே இருக்கு?"

"பூட்டித்தான் கீது. தொறந்து உள்ள போனா சமையக்கட்டுல வருது. கஞ்சி வடிக்க சொல்லோ வரும்ல, அந்த வாசன."

"யாராவது உள்ள புகுந்து சமைக்கிறாங்களோ?"

"அடுப்பு சில்லுனு கீது." தோசையைப் பிட்டபடி, "மேல நடக்குறா மாரியும் கேக்குது" என்றார்.

நான் இன்னொரு தோசையை அவர் தட்டில் போட்டேன்.

அதற்குப் பிறகு வார நாட்களிலும் போக ஆரம்பித்தார். போகும் முன் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் காட்டலாம் என்றார் என் கணவர். முதலில் நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு கிளம்பினேன்.

நல்ல வெயில். தெருவின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. என்னோடு படித்தவளின் வீட்டு வாசற்படியில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்தும் அது ஓடவில்லை. யாரோ அந்நியர்கள் வந்திருக்கிறார்கள் என்பதுபோலப் பார்த்தது. எங்கோ மயில் அகவியது, பெண் குரல் அழைப்பதுபோல. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

கதவைத் திறந்தோம். சமையலறைக்குள் காலை வைத்ததும் எனக்கும் அந்த வாசனை வந்தது. சூடான, வெந்த அரிசியின் வாசனை.

"வர்தா?" என்றார்.

"வருது."

அவர் முகம் மலர்ந்தது. அண்ணி போன பிறகு நான் பார்க்காத முகம் அது. வாசனையைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது தலைக்கு மேலே மெல்ல யாரோ அடியெடுத்து வைப்பது கேட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணுக்குள் செல்போன் டார்ச்சை அடித்தேன். இரண்டு கண்கள் மின்னின. கறுத்த மூஞ்சி, நீண்ட வால். அதன் வயிற்றை ஒட்டிக் குட்டிகள். உடைந்த ஓட்டு வழியாக வந்து போகிற மரநாய். பரணெல்லாம் பழக்கொட்டை கலந்த எச்சம். வாசனை அங்கே மூக்கை அடைத்தது.

"இன்னா கீது மேல?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் சொன்னால், நாளைக்கும் சவரம் செய்துகொண்டு வருவார்.

"மரநாய் அண்ணா. குட்டி போட்டிருக்கு. வாசனை அதோடதுதான்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவரே ஏறிப் பார்த்தார். அது சீறியது. வெகுநேரம் நின்று பார்த்தவர் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அண்ணியை எடுத்த அன்று அழாதவர் அப்போது அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எங்களுக்கு மேலே அது குட்டிகளை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கிளம்பும்போது, ஆள் வைத்து உடைந்த ஓடுகளை மாற்றிவிடலாம் என்றேன்.

"வாணாம், உடு. குட்டிய வச்சிகினு அது எங்க போவும்?"

மரநாயின் வாடை அப்படித்தான் இருக்கும் என்று, என்னோடு வேலை செய்யும் உயிரியல் டீச்சர் பிறகு சொன்னார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் ஃப்ளாட்டில் குக்கர் திறக்கும்போதெல்லாம் இன்றும் ஒரு முறை தலைக்கு மேலே பார்த்துக்கொள்வேன்.

அண்ணன் அதன் பிறகு ஊருக்குப் போகவில்லை. மழைக்காலம் முடிந்து, பக்கத்து மனையைப் பார்க்கப் போன ஒருவர் அவருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சார், உங்க வீடு பூட்டியிருக்கு, ஆனா உள்ள யாரோ இருக்கிற மாதிரி சத்தம் வருது. போய்ப் பாக்கட்டுமா?"

"ஆள் கீறாங்க சார்" என்றார் அண்ணன். "தொந்தரவு பண்ணாதீங்க."